கேள்வியை எழுதியவர் யார்?
விஞ்ஞானியும் பள்ளிப் பிள்ளையும் சந்தித்துக்கொண்ட வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. முடிச்சூரில் எங்கள் தெருவில் ஒருவரும் வெளியே தலைகாட்டவில்லை. ஊரடங்கு ஒரு காரணம், சூரிய கிரகணம் இன்னொரு காரணம். பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண், அப்பாவின் செல்போனைக் கெஞ்சி வாங்கிவைத்துக்கொண்டு கிரகண நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நடுநடுவே இரண்டொரு வரி தமிழும் வந்தது. அதே நேரத்தில் வீட்டுக்குள் அவளுடைய ஆயா, பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார். உலக்கை நின்றது. 'கிரகணம் விட்டதும் விழுந்துடும் பாரு' என்றார் ஆயா. அந்தப் பெண் திரையின் கீழே ஓடுகிற கட்டத்தில் தன் கேள்வியைத் தட்டினாள்: உலக்கை ஏன் சார் நிக்குது? ஆங்கில எழுத்தில், தமிழில். அதற்கு மேலும் கீழும் நூறு 'குட் மார்னிங் சார்'கள் ஓடின. விஞ்ஞானி வேறு இரண்டு கேள்விகளை எடுத்துப் பதில் சொல்லிவிட்டு நன்றி கூறி விடைபெற்றார்.

மதில் ஓரம் வந்து நின்று என்னைக் கேட்டாள்: 'அண்ணா, நான் கேட்டது அவருக்குப் போச்சா, போவலையா?'

எனக்கு விடை தெரியவில்லை. அன்றைக்கு ஏதோ மழுப்பினேன். பள்ளிப் பிள்ளைகளை ஆய்வில் இருக்கும் விஞ்ஞானிகளோடு இணையம் வழியாக 'இணைக்கும்' நிகழ்ச்சிகள் அதற்குப் பிறகு எத்தனையோ நடந்துவிட்டன. ஒவ்வொன்றின் அறிவிப்பைப் பார்க்கும்போதும் அந்த 'போச்சா, போவலையா' காதில் விழுகிறது. 'இணைத்தல்' என்ற சொல்லை நாம் சற்று எளிதாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். கம்பி இரண்டு முனைகளையும் தொடுகிறது என்பதாலேயே இரண்டு பக்கமும் பேசுகிறது என்றாகிவிடாது. பார்க்க வேண்டிய இடம் வேறு: இந்தச் சந்திப்புகளில் கேள்வியை யார் எழுதுகிறார்கள்? இதற்கு நம்மிடம் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்து சென்றது. அதையொட்டிச் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு சிறு வெளியீடு எழுதினார். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வகம் அது. ரகுநாதாச்சாரி சாதாரண எழுத்தர் அல்லர். 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர், திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக மல்லுக்கட்டியவர், அரச வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர். வெள்ளையர் மட்டுமே 'காணும்' உரிமை பெற்றிருந்த ஒரு நிறுவனத்துக்குள் உட்கார்ந்து, ஊர்மக்கள் மொழியில் ஒரு வான்நிகழ்வை விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளிலும் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. இந்தியர்களுக்கென்று நவீன வானாய்வகம் ஒன்று வேண்டும் என்று அதே ஆண்டில் பச்சையப்பன் மண்டபத்தில் உரையும் ஆற்றினார்.

அந்த வெளியீட்டின் வடிவம்தான் நமக்கு முக்கியம். வானியல் அறிந்த சித்தாந்தி ஒருவருக்கும் பண்டிதர் ஒருவருக்கும் நடக்கும் உரையாடலாக அது அமைந்திருந்தது. பண்டிதர் கேட்கிறார், சித்தாந்தி விளக்குகிறார். நம் மண்ணில் விஞ்ஞானி ஒருவர் பொதுமக்கள் கேள்விக்குப் பதில் சொன்ன முதல் பிரதிகளுள் ஒன்று இது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் பண்டிதர் வாயில் கேள்வியை வைத்தவரும் ரகுநாதாச்சாரியேதான். விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது உட்காருவதற்கு ஏற்ற அளவில் கேள்வி செதுக்கப்படுகிறது. கேட்பவர் சாஸ்திரம் தெரிந்த பண்டிதராக இருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளை இன்னும் காட்சிக்குள்ளேயே வரவில்லை.

இது ரகுநாதாச்சாரியின் குறை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சின் பொதுக் குணமே இதுதான். மிஷனரிகளின் ஞானோபதேச வினாவிடை, அந்த அச்சில் வார்த்த பாடப் புத்தக வினாவிடைகள், அவர்களோடு மோதிய ஆறுமுக நாவலரின் 'சைவ வினாவிடை' என்று எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு. வினா என்பது விடைக்குப் பிறந்த நிழல். ராஜாஜி ரசாயனத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்தபோதும் ('திண்ணை ரசாயனம்' என்றே நூலுக்குப் பெயர்) பேச்சின் தோரணை சகஜமாயிற்றே தவிர, யார் வீட்டுத் திண்ணை, அதில் யார் ஏறி உட்காரலாம் என்ற கேள்வி எழவில்லை. பாவ்லோ ஃப்ரெய்ரே 'வங்கிமுறைக் கல்வி' என்று சொன்னதை நாமெல்லாம் அறிவொளிக் காலத்தில் வாய்வலிக்கப் பேசியிருக்கிறோம். நம்மிடம் அந்த வங்கியில் உரையாடல் என்ற பெயரிலேயே கணக்கு திறக்கப்பட்டிருந்தது.

அடுத்து அரசு வருகிறது, தொலைக்காட்சியோடு. 1975-76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு போனது. தமிழ்நாடு அதில் இல்லை. அந்தக் காலத்தில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் பொறுப்பில் இருந்தவர் யஷ்பால். 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாகக் கடந்தபோது, ஜனங்களை வீட்டுக்குள் பிடித்துவைக்கத் தூர்தர்ஷன் இந்திப் படம் போட்டது என்பது இன்றைக்கும் பேசப்படும் கதை. 1995 அக்டோபர் 24 கிரகணத்தின்போது அதே தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியது, யஷ்பால் வர்ணனை செய்தார். பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தன்னிலை மாறியதா? முன்பு படம் பார்த்தார்கள், இப்போது கிரகணம் பார்த்தார்கள். சூரியனோ அவர்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே இருந்தது.

யஷ்பாலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். 'டர்னிங் பாயிண்ட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் பார்வையாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவர் பதில் சொன்னார். தாடி மழிக்கும் பாவனையில்லாத, தானும் அப்போதுதான் யோசிப்பவர் போன்ற பேச்சு. அந்தப் பழக்கத்தின் வேரைத் தேடினால் அது தொலைக்காட்சி நிலையத்தில் இல்லை, மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் இருக்கிறது.

ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் முன்னெடுத்தன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் புழுதிச் சாலையில் பஸ் ஏறி வந்து பயிற்சி கொடுத்தார்கள். 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. பிறகு ஏகலவ்யா என்ற அமைப்பு 1982இல் உருவாகி அதை நடத்தியது. பாடப் புத்தகத்தில் பதில்கள் இல்லை. செய்து பார், எழுது, சண்டை போடு என்பதுதான் முறை.

இந்தத் திட்டத்தில் 'சவாலிராம்' என்றொரு ஆள் உண்டு. ஆள் என்றால் உண்மையான ஆள் இல்லை. 'சவால்' என்றால் இந்தியில் கேள்வி, கேள்விராமன் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை அஞ்சலட்டையில் எழுதிச் சவாலிராமுக்குப் போடுவார்கள். அதைப் பிரித்துப் படித்து, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, பதில் கடிதம் எழுதப்படும். இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். முதலில் கேள்வி. அது எந்தத் துறை, எந்த வகுப்புப் பாடம் என்று எவருக்கும் தெரியாது. விஞ்ஞானி தனக்கு வசதியான தலைப்பில் உரை தயாரிக்க முடியாது, கேள்வி இழுத்த பக்கம் அவர் போக வேண்டும். தபால் மெதுவாகத்தான் போகும். ஆனால் கடிதம் யாருடைய கைக்கோ போய்ச் சேருகிறது, அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் யோசிக்கிறார். 2002இல் மாநில அரசு இந்தத் திட்டத்தை மூடிவிட்டது. முப்பதாண்டு உழைப்பை ஓர் உத்தரவில் முடித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கேரளத்தில் 1962இல் சாஸ்திர சாகித்ய பரிஷத் தொடங்கியது. நம்மிடம் 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், சென்னையின் ஆய்வு நிறுவனங்களிலிருந்த விஞ்ஞானிகளும் ஆராய்ச்சி மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது. 1986இல் ஹாலி வால்நட்சத்திரம், 1987 அக்டோபரில் கிளம்பிப் போபாலில் முடிந்த அகில இந்தியக் கலைப்பயணம், அதே 1987இல் 'துளிர்' சிறுவர் இதழ், பிறகு அறிவொளி என்று அந்தப் பத்தாண்டு ஓடிய ஓட்டத்தை இன்று நினைத்தால் மூச்சு வாங்குகிறது. கணித அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர். ராமானுஜம் போன்றவர்கள் பிள்ளைகளுக்கும் எழுதினார்கள், மாலையில் பள்ளிக்கும் போனார்கள். 'பணியில் உள்ள விஞ்ஞானி' என்ற ஒருவரை அரசுப் பள்ளிப் பிள்ளை கிட்டத்தில், வியர்த்த சட்டையோடு பார்த்தது அப்போதுதான்.

1993இல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டை இந்த வரலாற்றின் உச்சம் என்று கருதுகிறேன். சிறுவர்கள் குழுவாகச் சேர்ந்து (தொடக்க ஆண்டுகளில் ஐந்து பேர் வரை) தங்கள் ஊரில் உள்ள ஒன்றை ஆராய வேண்டும். குளத்துத் தண்ணீர், தெருக் குப்பை, பாட்டி வைத்தியம், எதுவாகவும் இருக்கலாம். தாய்மொழியில் எழுதிச் சொல்லலாம். விஞ்ஞானி எதிரே உட்கார்ந்து கேட்கிறார். அதாவது சொல்லாடலின் இருக்கைகள் இடம் மாறுகின்றன: பிள்ளை பேசுகிறது, விஞ்ஞானி வினவுகிறார். அவர் வினவுவதற்குப் பிள்ளையிடம் மட்டுமே விடை இருக்கிறது, ஏனென்றால் அந்தக் குளத்தை அவர் பார்த்ததில்லை.

நடைமுறையில் எல்லாம் இப்படியே நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆசிரியர் எழுதிக் கொடுத்துப் பிள்ளை ஒப்பித்த 'ஆய்வு'களும் உண்டு. பணமுள்ள பள்ளிகள் வண்ண அட்டையில் வரைபடம் போட்டுப் பரிசை அள்ளிக்கொண்டு போனதும் உண்டு. இயக்கத்தின் மீதே ஒரு விமர்சனம் எனக்கு இருக்கிறது. உலக்கை நிற்பதைக் கண்டால் அதை 'மூடநம்பிக்கை' என்று ஒரே அடியில் சாய்க்கும் அவசரம் அதற்கு இருந்தது. கிராம்சி சொன்ன பொதுப்புத்திக்குள் கிடக்கிற நல்லபுத்தியைத் தோண்டியெடுக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்கவில்லை. ஆயா வைத்த உலக்கையில் ஒரு சோதனை இருக்கிறது, ஒரு முன்கணிப்பும்கூட இருக்கிறது (விட்டதும் விழும்). விடுபட்டது ஒன்றுதான்: கிரகணம் இல்லாத நாளில் வைத்துப் பார்ப்பது. இதைப் 'பகுத்தறிவு' பேசுகிற நாமும் வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது திரைக்கு வரலாம். இணைய நிகழ்ச்சி என்பது 2020இல் வானத்திலிருந்து குதித்ததல்ல. டைட்டானிக் கப்பலின் சிதைவை 1985இல் கண்டுபிடித்த ராபர்ட் பல்லார்டுக்கு அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள், அடுத்த முறை எங்களையும் கூட்டிக்கொண்டு போ என்று. அதிலிருந்து 1989இல் 'ஜேசன்' திட்டம் பிறந்தது. கடலடியிலிருந்து செயற்கைக்கோள் வழியே நேரலை. அங்கேயும் முதலில் வந்தது கடிதம் என்பது என் கட்சிக்கு வலு. விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் ரேடியோவில் பள்ளிகளோடு பேசுவது இன்னொரு வகை. நிலையம் ஓர் ஊருக்கு மேலே கடந்து மறைய ஏறத்தாழ பத்து நிமிடம்; அதற்குள் முடிய வேண்டும் என்பதால் கேள்விகள் முன்பே பொறுக்கப்பட்டு, பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா மேலேயிருந்து இந்திய மாணவர்களோடு பேசியபோது நாடே நெகிழ்ந்தது. எனக்கும் நெகிழ்ச்சிதான். அங்கே கேள்வியைப் பொறுக்கி வரிசைப்படுத்துவதற்குப் பூமி சுற்றும் கணக்கு ஒரு நியாயம். முடிச்சூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற விஞ்ஞானியோடு பேச அந்த நியாயம் செல்லுமா?

முப்பது கிலோமீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் போனால் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம். தாம்பரம் வழியாக வேளச்சேரி தாண்டினால் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கிண்டியில் ஐஐடி. இந்தத் தென்புறநகர் முழுக்க ஆய்வு நிறுவனங்கள். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைக்கு விஞ்ஞானி என்றால் அமெரிக்காவிலிருந்து அதிகாலையில் விழித்துப் பேசுகிற ஒருவர்.

சாதகங்களைச் சொல்லாவிட்டால் நான் தொழில்நுட்ப வெறுப்பாளன் என்று முத்திரை விழும். பெண்பிள்ளையைப் பக்கத்து ஊர் அறிவியல் முகாமுக்கு அனுப்பத் தயங்குகிற வீட்டில் செல்போன் நுழைந்துவிடுகிறது. மைக்கில் எழுந்து கேட்கக் கூசுகிறவள், பெயர் தெரியாமல் தட்டிவிடுகிறாள். பிரிட்டனில் 2008இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியில் படமே கிடையாது, எழுத்து அரட்டை மட்டும். பிள்ளைகள் கேட்கிறார்கள், விஞ்ஞானிகள் பதில் தட்டுகிறார்கள், கடைசியில் எந்த விஞ்ஞானி பரிசுப் பணம் பெறுவது என்று பிள்ளைகள் வாக்களிக்கிறார்கள். விஞ்ஞானியை வெளியே அனுப்புகிற அதிகாரம் பிள்ளை கையில்! இதை நம்மூரில் யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

நம்மூர் ஏற்பாடு வேறு. 2019 ஆகஸ்டில் வந்த கல்வித் தொலைக்காட்சி ஒருவழிப் பாதை. அரசுப் பள்ளிகளுக்கு 'ஹைடெக் லேப்' வந்தது, வரவேற்கத்தக்கது. ஆனால் இணைய நிகழ்ச்சி என்றால் நாற்பது பிள்ளைகள், ஒரு திரை, ஒரு மைக். மைக் ஆசிரியர் கையில். யார் கேட்பது என்று முந்தின நாளே முடிவாகிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஆங்கிலம் வருகிற பிள்ளை. கேள்வியும் எழுதித் தரப்படும். 'உங்களுக்கு உந்துதலாக இருந்தவர் யார்?' 'நாங்கள் விஞ்ஞானி ஆக என்ன படிக்க வேண்டும்?' இவை கேள்விகளே அல்ல, மரியாதைகள். வினாவிடை நூல் திரும்ப வந்திருக்கிறது, இந்த முறை முகங்களோடு. அதைவிட மோசம், தலைப்புகள். கருந்துளை, பெருவெடிப்பு, செவ்வாய். பிள்ளை ஒருநாளும் தொட முடியாத பொருளைப் பற்றியே பேசினால் எதிர்க்கேள்வி வர வழியில்லை, கைதட்டலாம்.

எங்கள் ஊரில் ஒரு கேள்வி இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடிவரை தண்ணீர் நின்றது, படகு வந்தது. அன்றிலிருந்து ஊரே சொல்வது: செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஏதோ ஒரு பிள்ளை வரைபடத்தை விரித்து, செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் எங்கே சேருகிறது என்று கேட்டிருந்தால் போதும். சேருவது திருநீர்மலைப் பக்கம். நாங்கள் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அது போகிற வழியில் மனைப்பிரிவு போட்டவர்கள் யார், அனுமதித்தவர்கள் யார் என்று கேள்வி அடுத்த படிக்குத் தானாகவே ஏறும். நீரியல் விஞ்ஞானி ஒருவரைத் திரையில் உட்காரவைத்து, பிள்ளைகள் தெருத்தெருவாக வெள்ளக் கறையின் உயரத்தை அளந்து எடுத்துவந்து காட்டினால் அது இணைய நிகழ்ச்சிதான். செலவும் அதே செலவுதான். ஆனால் அப்படியொரு அறிவிப்பை நான் இதுவரை பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

2022 நவம்பரில் தமிழக அரசு வானவில் மன்றம் தொடங்கியது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு, கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களை வண்டியில் வைத்துக்கொண்டு நேரில் போகிறார்கள். பழைய கலைப்பயணத்தின் வாசனை அதில் அடிக்கிறது. அதே காலத்தில், 2023இல், ஒன்றிய அரசு 1989இல் தானே நிறுவிய விஞ்ஞான் பிரசாரை இழுத்து மூடியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிரகண நாளுக்கே திரும்புகிறேன். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2019 டிசம்பர் 26 காலை, வளையக் கிரகணத்தைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போயிருந்தேன். மைதானத்தில் பிள்ளைகள் சல்லடையையும் முறத்தையும் பிடித்துத் தரையில் விழுந்த ஒளிப்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். விளக்க வந்தவரை ஒரு பையன் மடக்கி மடக்கிக் கேட்டான்: ஓட்டை சதுரமா இருந்தாலும் ஏன் வளையமாவே விழுது? அவர் குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார், பாதியில் தப்பாகி, கோட்டை அழித்து மறுபடி போட்டார். ஜூன் 21 அன்று எங்கள் முருங்கை மரத்தடியில், மேகம் விலகிய நேரங்களில், சிமென்ட் தரை முழுக்கக் கடித்த வட்டங்களாக வெயில் கிடந்தது. நாங்கள் இரண்டு வீட்டாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதிலோரம் அவள் வந்து கேட்ட பிறகுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. காட்டினேன். தன் உள்ளங்கையில் ஒன்றை விழவைத்துப் பார்த்தாள்.

உலக்கைக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு நாள் வைத்துப் பாரேன் என்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், தாம்பாளமும் இல்லாமல், வெறும் தரையில் நிறுத்தியிருக்கிறாள். அடிப்பாகம் தட்டையான உலக்கை. நாலைந்து தடவை சரிந்து, பிறகு நின்றுவிட்டது. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். ஆயா சுற்றிவந்து பார்த்துவிட்டு, 'அப்போ இத்தினி வருஷமா அது எந்நாளும் நின்னுக்கினுதான் இருந்துச்சா?' என்று கேட்டாராம்.